பாட்டன் வைத்த பீப்பாய்



முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்திய ஒருவன், இன்று வானொலி முன் அமர்ந்து பிராந்தியைப் பற்றிப் பேசப் போகிறான் என்றால் உங்களிற் பலர் நகைக்கக்கூடும். உங்கள் பெற்றோரிற் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுவை நான் தொட்டதில்லை. அதன் சுவையைப் பற்றிச் சொல்ல எனக்கு யாதொரு தகுதியும் இல்லை. நான் பேச வந்தது அப்பண்டத்தைப் பற்றியன்று. அதனைச் செய்தவர்களைப் பற்றியே.

"தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. தான் உண்ணப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு மனிதன் பனங்கொட்டையைப் புதைக்கிறான் அல்லவா? அவ்வாறே, தம் வாழ்நாளில் பயன் காணவியலாத ஒரு வேலையை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் ஓர் ஊர், பிரெஞ்சு தேசத்தில் இருக்கிறது. அதன் பெயர் கொன்யாக். அங்குச் செய்யப்படும் பிராந்திக்கும் அதுவே பெயர்.

பிரான்சின் மேற்குப் பகுதியில், ஷாரான்ட் என்னும் ஆறு வளைந்து வளைந்து சென்று அட்லாண்டிக் மாகடலில் கலக்கிறது. அதன் கரையில் அமைந்தது கொன்யாக் நகரம். மன்னர் முதலாம் பிரான்சுவா 1494-ஆம் ஆண்டில் பிறந்தது அங்குள்ள கோட்டையில்தான். எனினும் அவ்வூருக்கு முதலில் செல்வத்தைக் கொணர்ந்தது அரசன் அல்லன், உப்பு. கடற்கரை உப்பளங்களில் விளைந்த உப்பு, ஆற்றின் வழியே படகேறி உள்நாட்டுக்குச் சென்றது. அவ்வுப்பை வாங்க வடகடல் நாட்டு மரக்கலங்கள் வந்தன. உப்புக்கு வந்தவர்கள் அங்கு விளைந்த திராட்சை மதுவையும் ஏற்றிச் சென்றனர்.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்வாணிகத்தில் முன்னின்றவர்கள் டச்சுக்காரர்கள். ஷாரான்ட் நாட்டு மது மென்மையானது. நீண்ட கடற்பயணத்தில் அது புளித்துக் கெட்டது. அதனைக் காய்ச்சி வடித்தால் கெடாது; இடமும் குறைவாகப் பிடிக்கும்; கரை சேர்ந்த பின் நீர் கலந்துகொள்ளலாம் என்று அவர்கள் கண்டனர். எரித்த மது என்னும் பொருளில் அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பிராண்டவைன்'. அதுவே ஆங்கிலேயர் நாவில் 'பிராந்தி' ஆயிற்று. நம் நாவிற்கும் வந்து சேர்ந்தது.

பின்னர் அவ்வூரார் ஒருமுறைக்கு இருமுறை வடிக்கத் தொடங்கினர். வடித்ததை அனுப்பக் கப்பல் கிடைக்காத காலங்களில் அது ஓக் மரப் பீப்பாய்களில் காத்துக் கிடந்தது. காத்துக் கிடந்த சரக்கு கெட்டுப்போகவில்லை, மாறாக, உயர்ந்திருந்தது! மரத்திலிருந்து நிறமும் மணமும் பெற்றிருந்தது, காரம் தணிந்திருந்தது. தாமதம் என்பது வணிகனுக்கு நட்டம் என்றே உலகம் எண்ணும். அத்தாமதமே முதலாக மாறிய கதை இது.

இத்தொழில் நடைபெறும் முறையை இனிக் காண்போம். புரட்டாசி வாக்கில் பறிக்கப்படும் திராட்சை, உண்பதற்கு இனியதன்று, புளிப்பு மிகுந்தது. அதிலிருந்து உண்டாகும் மதுவில் ஆல்கஹால் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்குதான். அப்புளிப்பே அதனைக் கெடாமல் காக்கிறது. வெங்காய வடிவில் தலை அமைந்த செப்பு வாலையில் இது இருமுறை வடிக்கப்படுகிறது. இரண்டாம் முறை வடிக்கையில் முதலில் வருவதையும் இறுதியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வருவதை மட்டுமே எடுத்துக்கொள்வர். அதனை 'இதயம்' என்பது அவர்கள் வழக்கு. எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது என்று அறிவது வடிப்பவனின் மூக்கும் நாவுமே. ஒரு லிட்டர் இதயத்திற்கு ஏறத்தாழ 9 லிட்டர் மது வேண்டும். குளிர்கால முழுதும் நடக்கும் இவ்வேலை மார்ச் 31-ஆம் தேதிக்குள் முடிந்தாக வேண்டும் என்பது சட்டம்.

பீப்பாய்க்கான மரம் லிமூசின், திரான்சே என்னும் காடுகளிலிருந்து வருகிறது. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் பதினேழாம் நூற்றாண்டில் திரான்சே காட்டைச் சீர்படுத்தினார். பிற்காலத்துப் போர்க்கப்பல்களுக்குப் பாய்மரமும் பலகையும் வேண்டும் என்பது அவர் நோக்கம். மரங்கள் முதிர்ந்தபோது உலகம் இரும்புக் கப்பலுக்கு மாறிவிட்டது! அவர் பேணிய காட்டின் வழிவந்த ஓக் மரங்கள் இன்று பீப்பாய்களாகின்றன. முன்னோர் எண்ணிய பயன் ஒன்று. பின்னோர் பெற்ற பயன் வேறொன்று. ஆயினும் முன்னோர் காக்காமல் இருந்திருப்பின், பின்னோருக்கு எதுவுமே இராது.

பீப்பாயில் கிடக்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அதனைத் 'தேவதூதர்களின் பங்கு' என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வர். அவ்வாவியை உண்டு வளரும் ஒரு கரும்பூஞ்சை, நிலவறைகளின் சுவர்களையும் கூரைகளையும் கருமையாக்கிவிடுகிறது. 1872-ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்தவர் அவ்வூரில் மருந்துக்கடை வைத்திருந்த போத்வான் என்பவர். 2007-ஆம் ஆண்டில் அறிவியலார் அப்பூஞ்சை இனத்திற்கு அவர் பெயரையே சூட்டினர். தம் ஊர்ச் சுவரில் படிந்த கரியைக் கண்டு 'இது என்ன?' என்று வினவிய ஒருவரின் பெயர் அறிவியலில் நிலைத்தது பாருங்கள்!

ஐம்பது, அறுபது ஆண்டு மரத்தில் கிடந்த பின்னர், மிக முதிர்ந்த சரக்கைப் பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிக் குடங்களுக்கு மாற்றுகின்றனர். கண்ணாடியில் அது மேலும் முதிர்வதில்லை. அவை வைக்கப்படும் பூட்டிய அறைக்குச் 'சொர்க்கம்' என்று பெயர். அங்கே நூறாண்டுக்கு மேற்பட்டவையும் உண்டு. அவற்றை வடித்தவர்கள் எப்போதோ மண்ணோடு மண்ணாகிவிட்டனர்.

இவற்றுக்கெல்லாம் காவலர், நிலவறைத் தலைவர். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நிலங்களில் விளைந்தவற்றைச் சுவைத்துத் தேர்ந்து கலப்பது அவர் பணி. ஹென்னசி என்னும் நிறுவனத்தில் ஃபில்லியூ என்ற ஒரே குடும்பத்தார் வழிவழியாக இப்பணியைச் செய்து வருகின்றனர். 2017-ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவர் எட்டாம் தலைமுறையினர். இவர் இன்று கலப்பது இவருடைய பாட்டன், முப்பாட்டன் சேர்த்து வைத்தது. இவர் இன்று சேர்த்து வைப்பதைக் கலக்கப் போகிறவர் இன்னும் பிறக்காமலும் இருக்கலாம்.

இது பிரெஞ்சு தேசத்தின் மரபு என்று சொல்கிறோம். ஆனால் இம்மரபைத் தொடங்கியவர்களின் பெயர்களைப் பாருங்கள். 1715-இல் நிறுவனம் தொடங்கிய மார்ட்டெல், ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவினர். 1765-இல் தொடங்கிய ரிச்சர்டு ஹென்னசி, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர். தாமஸ் ஹைன் இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலிருந்து வந்தவர். 1724-இல் தொழில் தொடங்கிய ரெமி மார்ட்டினோ உள்ளூர்த் திராட்சை விவசாயி. மண் உள்ளூராரது, சந்தை பற்றிய அறிவு வந்தவர்களது. இரண்டும் கூடியே மரபு உண்டாயிற்று. பிராந்திக் குப்பிகளின் மேல் காணப்படும் 'வி.எஸ்.ஓ.பி.' என்னும் எழுத்துகளும் ஆங்கில எழுத்துகளே. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான ஆங்கிலேய இளவரசர் 1817-இல் அனுப்பிய ஓர் ஆணையிலிருந்து அவ்வழக்குப் பிறந்தது என்பர்.

மதப் பூசலும் இதில் ஒரு பங்கு பெற்றது. அப்பகுதியில் புரோட்டஸ்டண்டுகள் பலர் வாழ்ந்தனர். 1598-இல் நான்ட் சாசனம் அவர்களுக்கு அளித்த உரிமையைப் பதினான்காம் லூயி 1685-இல் பறித்தார். பலர் ஆலந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஓடினர். ஓடியவர்களும் ஊரில் தங்கிய உறவினர்களும் கடிதப் போக்குவரத்தை விடவில்லை. அவ்வுறவே வாணிக வழியாயிற்று. துரத்தப்பட்டவர்களே துரத்திய நாட்டின் பண்டத்துக்குச் சந்தை தேடித் தந்தார்கள்!

மரபைப் புகழும்போது அதன் கறையை மறைப்பது சரித்திர ஆசிரியனுக்கு அழகன்று. அப்பகுதியின் பெருந்துறைமுகமான லா ரோஷேலிலிருந்து அடிமை வாணிகக் கப்பல்களும் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டன. மனிதரை வாங்குவதற்காக அவை ஏற்றிச் சென்ற பண்டங்களில் பிராந்தியும் ஒன்று. இப்பக்கத்தையும் படித்தே மேற்செல்ல வேண்டும்.

இனி, நம் நாட்டோடு உண்மையாகவே தொடர்புடைய ஒரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆன்றி கோக்கான் என்னும் நிலவியலறிஞர் கொன்யாக் வட்டாரத்து மண்ணையும் பாறையையும் ஆராய்ந்தார். எந்த மண்ணில் எத்தகைய சரக்கு விளைகிறது என்று கண்டறிவதில் அவர் ஆராய்ச்சி பெரிதும் துணை செய்தது. சுண்ணாம்பு மிக்க 'கிராந்த் ஷாம்பாஞ்' நிலமே தலையாயது என்று கொள்ளப்பட்டது. 1857-இல் அவர் அப்பாறைகள் உண்டான காலங்களுள் ஒன்றுக்குக் கொன்யாக் ஊரின் பெயரால் 'கொனேசியன்' என்று பெயரிட்டார். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அக்காலத்தை உலக முழுதும் அப்பெயராலேயே குறிக்கின்றனர். நம் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் கிளிஞ்சல்கள் பதிந்த கடற்பாறைகள் உண்டு அல்லவா? அவற்றுள் ஒரு பகுதி அதே கொனேசியன் காலத்தது. கொன்யாக்கில் திராட்சைக்கு உரமாயிருக்கும் சுண்ணாம்பும், பெரம்பலூர்ப் பக்கம் நம் காலில் இடறும் கிளிஞ்சற் பாறையும் ஒரே காலத்துக் கடல்களின் பிள்ளைகள்!

அந்தச் சுண்ணாம்பு மண்ணே ஒரு காலத்தில் அவ்வூருக்கு எமனாகவும் முடிந்தது. அதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1860-ஆம் ஆண்டுகளில் தென்பிரான்சில் திராட்சைக் கொடிகள் காரணமின்றிப் பட்டுப்போயின. 1868-இல் பிளான்ஷோன் என்னும் தாவரவியற் பேராசிரியரும் அவருடைய துணைவரும் நோயுற்ற கொடியைப் பிடுங்குவதோடு நில்லாமல், நலமாகத் தோன்றிய கொடியின் வேரையும் தோண்டிப் பார்த்தனர். அதில் மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் மொய்த்திருந்தன. கொடி செத்த பின் பூச்சி வேறு வேருக்குப் போய்விடுவதால், செத்த கொடியைப் பார்த்தவர்களுக்கு அது புலப்படவில்லை. 'பைலாக்ஸெரா' என்னும் அப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. பாய்க்கப்பலின் நீண்ட பயணத்தில் செத்துப்போயிருக்கக்கூடிய அது, நீராவிக் கப்பலின் விரைவால் உயிரோடு கரையேறியது. முன்னேற்றத்தின் மூட்டையில் கேடும் ஒளிந்து வந்தது.

1870-ஆம் ஆண்டுகளில் அது ஷாரான்ட் நாட்டை அடைந்தது. அந்நாளில் அங்கு ஏறத்தாழ 2,80,000 ஹெக்டேர் நிலத்தில் திராட்சை பயிராயிற்று. 1893-இல் எஞ்சியது ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். ஏழில் ஆறு பங்கு அழிந்தது! வழி கண்டுபிடிப்பவருக்கு 3,00,000 பிராங்கு பரிசு என்று அரசு அறிவித்தது. மருந்தை மண்ணில் செலுத்தினர். தோட்டங்களை நீரில் மூழ்கடித்தனர். முழுப் பயன் விளையவில்லை. பலர் நிலத்தை விட்டு வெளியேறினர். சிலர் திராட்சை இருந்த இடத்தில் புல் வளர்த்து மாடு கட்டினர். 1888-இல் அப்பகுதியில் பால் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஷாரான்ட் வெண்ணெய் இன்று புகழ்பெற்றிருப்பதற்கு வித்திட்டது அந்தப் பேரழிவே.

தீர்வு பகைவன் வீட்டிலேயே இருந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அப்பூச்சியைத் தாங்கி வாழும். ஆகவே அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினால் போதும். பிற இடங்களில் இது பலித்தது. கொன்யாக்கிலோ ஒட்டுக் கொடிகள் இலை வெளுத்து மடிந்தன. காரணம், சுண்ணாம்பு. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் வேர் இரும்புச் சத்தை ஏற்க இயலாது. இலையில் பச்சையம் குன்றும். எந்த மண் அவர்களுக்குப் பெருமை தந்ததோ, அதுவே மருந்தை ஏற்க மறுத்தது.

1887-இல் பிரெஞ்சு அரசு பியேர் வியாலா என்னும் அறிஞரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. சுண்ணாம்பு நிலத்தில் தானாக வளரும் காட்டுக் கொடியைத் தேடி அவர் பல மாநிலங்களில் அலைந்தார். டெக்சஸ் மாநிலத்து டெனிசன் ஊரில் வாழ்ந்த மன்சன் என்னும் திராட்சை ஆராய்ச்சியாளர் அவருக்கு வழிகாட்டினார். டெக்சஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் 'பெர்லாண்டியேரி' என்னும் காட்டுக் கொடி செழித்து நின்றது. அதன் இரத்தம் கலந்த வேர்க்கொடிகள் கொன்யாக்கை மீட்டன. 1888-இல் பிரெஞ்சு அரசு மன்சனுக்கு வேளாண்மைச் சிறப்பு விருது அளித்தது. கொன்யாக்கும் டெனிசனும் இன்று உடன்பிறப்பு நகரங்கள். பிரெஞ்சு மரபின் இதயம் என்று போற்றப்படும் தோட்டங்கள் அமெரிக்க வேரின் மேல் நிற்கின்றன என்பதை மறவாதீர்கள்.

அந்த இருபது, முப்பது ஆண்டுகள் அவ்வூரை வாழவைத்தது எது? பாட்டன்மார் வைத்துப்போன பீப்பாய்களே! தோட்டம் வெறுமையாக நின்றபோது நிலவறையில் சரக்கு இருந்தது. பழஞ்சரக்கு கைவசம் வைத்திருந்தவர் தாங்கினர். அன்றன்று விற்று அன்றன்று உண்டவர் வீழ்ந்தனர்.

சரக்குக் குறைந்ததும் போலிகள் பெருகின. கிழங்கிலும் பீட்டிலும் வடித்த சாராயம் கொன்யாக் என்ற பெயரில் விற்றது. 1909-இல் ஒரு சட்டம், எந்த எல்லைக்குள் விளைந்தது மட்டும் அப்பெயரைத் தாங்கலாம் என்று வரையறுத்தது. 1936-இல் செய்முறையும் சட்டமாயிற்று. இன்று 'எக்ஸ்.ஓ.' என்று பெயரிட வேண்டுமானால், கலந்தவற்றுள் மிக இளையதும் பத்தாண்டு மரத்தில் கிடந்திருக்க வேண்டும். முன்னர் ஆறாண்டாக இருந்த இவ்வரம்பு 2018-இல் உயர்த்தப்பட்டது. பெயரைக் காப்பது என்பது பெயருக்குரிய உழைப்பைக் காப்பதே.

இரண்டாம் உலகப்போரில் 1940-இல் ஜெர்மானியப் படை கொன்யாக்கை ஆக்கிரமித்தது. நூற்றாண்டுச் சேமிப்பு ஒரு வாரத்தில் சூறையாடப்படலாம் என்ற அச்சம் எழுந்தது. 1941-இல் வணிகரும் உழவரும் கூடி ஒரு பங்கீட்டுக் குழு அமைத்து, விற்பனையை அளந்து, பழஞ்சரக்கைப் பெரும்பாலும் காத்தனர். தமக்குள் எப்போதும் விலைக்காகச் சண்டையிட்டவர்கள் அவர்கள். போர் முடிந்ததும் 1946-இல் அக்குழுவே நிலையான தேசியக் கழகமாயிற்று.

இவ்வூர் உலகுக்குத் தந்த ஒரு மனிதரைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். 1888-இல், அதாவது தோட்டங்கள் பட்டுக்கிடந்த நாளில், கொன்யாக் வணிகர் ஒருவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் ழான் மொனே. பதினாறு வயதில் பள்ளியை விட்டு இலண்டனுக்கும், பின் கனடாவுக்கும் தந்தையின் சரக்கை விற்கச் சென்றான். முதல் உலகப்போருக்குப் பின் சர்வதேச சங்கத்தில் உயர்பதவி வகித்தவர், குடும்ப நிறுவனம் தள்ளாடியது கண்டு 1923-இல் பதவி விலகி ஊர் திரும்பினார். பழஞ்சரக்கை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் தந்தை. அதில் ஒரு பகுதியை விற்றால்தான் நிறுவனம் பிழைக்கும் என்றார் மகன். மரபைக் காப்பது எப்படி என்பதில் இருவருக்கும் வேற்றுமை. காக்க வேண்டும் என்பதில் வேற்றுமை இல்லை.

பின்னர் அதே மொனே, இருமுறை போரிட்டு நாசமான பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரே நிருவாகத்தின் கீழ் வைக்க வேண்டும் என்று திட்டம் தீட்டினார். 1950-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி அத்திட்டம் பிரெஞ்சு அமைச்சர் ஷூமான் வாயிலாக வெளியாயிற்று. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதை அது. மொனே 1979-இல் காலமானார். ஒன்றியம் என்ற பெயரையும் அதன் பொதுப் பணத்தையும் அவர் காணவில்லை. பீப்பாயை நிரப்பி வைத்து, திறப்பதைப் பின்னோருக்கு விடும் ஊரில் பிறந்தவருக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

இன்றும் அவர்களுக்குத் தொல்லை ஓய்ந்தபாடில்லை. விளைவதில் பெரும்பங்கு வெளிநாட்டுக்கே செல்வதால், தொலைவிலுள்ள அரசுகள் விதிக்கும் வரி அவர்கள் வயிற்றைத் தொடுகிறது. 2024-இல் சீன அரசின் வரி நடவடிக்கைக்கு அஞ்சி உழவர்கள் டிராக்டர்களோடு கொன்யாக் நகருக்குள் திரண்டு வந்தனர். இன்றைய வரி இன்றைய சரக்கை மட்டும் பாதிப்பதில்லை. பத்தாண்டுக்குப் பின் தேவைப்படும் சரக்கை இன்று வடிப்பதா, வேண்டாமா என்ற துணிவையே அது அசைக்கிறது.

மாணவ மணிகளே! அவர்கள் செய்யும் பண்டம் உங்களுக்கு வேண்டாம். அவர்கள் காட்டும் பொறுமை உங்களுக்கு வேண்டும். உங்கள் ஊரில் ஏரி உண்டு. கோயில் மதில் உண்டு. சாலையோரப் புளியமரம் உண்டு. அவற்றை ஆக்கியவர் எவரும் இன்று இல்லை. அவர்கள் பீப்பாயை நிரப்பி வைத்துப் போனார்கள். நாம் எடுத்துப் பருகிக்கொண்டிருக்கிறோம். நாம் நிரப்பி வைக்கும் பீப்பாய் எது என்னும் வினாவை இன்றிரவு உங்கள் ஏட்டில் எழுதி வையுங்கள். விடையை உடனே எழுத வேண்டியதில்லை. அதற்கு உங்கள் வாழ்நாள் முழுதும் இருக்கிறது.